எவ்வளவு இருட்டு, எவ்வளவு சிரிப்பு?

(சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோல்பிளே ஆடும் நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது.

இங்கே பல வருடமாக ஆடுகிறவர்களும் இருக்கிறீர்கள், இன்றைக்குத்தான் முதல் தடவை பகடையைக் கையில் எடுக்கப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். புதியவர்களுக்காக இரண்டு வரி. நாலைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவதுதான் ரோல்பிளே. ஒருவர் மட்டும் கதை நடத்துபவர், அவரை ஜி.எம். என்கிறோம், வில்லனும் மழையும் வழிப்போக்கனும் அவர் பொறுப்பு. நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்ட பிறகு இது தனி ஆட்டவகையாகவே வளர்ந்துவிட்டது.

நான் பேச வந்தது ஒரே விஷயம். கதை எவ்வளவு இருட்டாக இருக்கலாம், எவ்வளவு கலகலப்பாக இருக்கலாம், அதை யார், எப்போது முடிவு செய்வது. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் நான் பார்த்த வரையில் பாதியில் உடைந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை விதிகளால் உடையவில்லை. மேசையில் ஒருவர் துக்கக் கதை ஆடிக்கொண்டிருப்பார், பக்கத்தில் இருப்பவர் காமெடி ஆடிக்கொண்டிருப்பார், இரண்டு பேருமே நேர்மையாகத்தான் ஆடியிருப்பார்கள், ஆனால் எந்தக் கதைக்கு வந்திருக்கிறோம் என்று யாரும் முன்கூட்டிப் பேசியிருக்க மாட்டார்கள்.

இருட்டுக் கதை என்றதும் நம் ஆட்கள் ரத்தத்தை அளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள், எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை தலை உருண்டது என்று. அதை வைத்து அளக்கவே முடியாது. 1984-இல் வந்த பாரனோயா என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் செத்துக்கொண்டே இருப்பீர்கள். ஆனால் ஒவ்வொரு கேரக்டருக்கும் அச்சு அசலான குளோன்கள் கையிருப்பில் உண்டு, ஒருவர் போனால் அடுத்தவர் வந்து விட்ட இடத்தில் தொடருவார், மேசை முழுக்கச் சிரிப்பாக இருக்கும். 1981-இல் வந்த கால் ஆஃப் கத்துலு என்ற திகில் ஆட்டத்தில் யாருமே சாகாமல்கூடக் கதை முடியலாம். ஆனால் ஒவ்வொரு கேரக்டரின் மனத்தெளிவுக்கும் ஓர் எண் இருக்கிறது, பார்க்கக் கூடாததைப் பார்க்கப் பார்க்க அது இறங்கிக்கொண்டே வரும், எளிதில் திரும்ப ஏறாது. உயிர் தப்பி வீட்டுக்கு வருகிறவர் கிளம்பிப் போன அதே ஆள் கிடையாது. அந்த மேசையில் சத்தமே இருக்காது. சாவு மலிந்த கதை சிரிக்க வைக்கிறது, சாவே இல்லாத கதை தூக்கத்தைக் கெடுக்கிறது. அதனால் நான் எந்த ஜி.எம்.மிடமும் எத்தனை பேர் சாவார்கள் என்று கேட்பதில்லை. உன் கதையில் எது போனால் திரும்பி வராது என்றுதான் கேட்பேன்.

இதை வைத்து நம் ஏற்காட்டுக் கதைகளைப் பார்ப்போம். சேலத்தில் யார் பேய்க்கதை நடத்தினாலும் அது இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி ஏதாவது ஒரு காபி எஸ்டேட் பங்களாவில் போய் நின்றுவிடுகிறது. பனிமூட்டம், கரண்ட் கட், மாடியில் காலடிச் சத்தம். ஏன் என்று புரிகிறது, மலை அப்படி. ஆனால் மேசையில் இருக்கிற ஐந்து பேருக்கும் ஏற்காடு என்றால் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு பைக்கில் போனது, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றது, பகோடா பாயிண்ட்டில் நின்று போட்டோ எடுத்தது, ஜி.எம். குரலைத் தாழ்த்தி 'பனி இறங்குகிறது' என்று சொல்லும்போது ஒருவர் பஜ்ஜிக் கடை திறந்திருக்குமா என்று கேட்பார், கதை அங்கேயே படுத்துவிடும். ஜி.எம்.முக்குக் கோபம் வரும். நியாயமில்லாத கோபம் அது, ஏனென்றால் அந்த பங்களாவில் இவர்களுக்கு இழப்பதற்கு எதுவுமே வைக்கப்படவில்லை. அதே பங்களாவில் உங்கள் கேரக்டரின் தம்பி வேலை பார்க்கிறான், மூன்று வாரமாக வீட்டுக்கு வரவில்லை, போன் எடுக்கவில்லை என்று தொடங்கிப் பாருங்கள். பஜ்ஜியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

பயத்திலேயே வகைகள் இருக்கின்றன. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள் என்று ஒவ்வொரு ஜி.எம்.மிடமும் சொல்வேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு. அச்சத்துக்குச் சொல்லியிருப்பது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வமோ பேயோ வருத்துவது, மிருகம், திருடர்கள், கடைசியில் தன்னை ஆளுகிற தலைவன். நாமெல்லாம் முதலாவதை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறோம். ராத்திரி வளைவு திரும்பும்போது ஹெட்லைட் வெளிச்சத்தில் காட்டெருமை நிற்பதும் பயம்தான், ஆனால் அது தாண்டிப் போய்விடும், அப்புறம் ஒரு மாதம் சொல்லிச் சிரிக்கலாம். கள்வர் கதையைச் சிரிப்பாகவும் கொண்டுபோகலாம், கொடூரமாகவும் கொண்டுபோகலாம். நாலாவதுதான் எனக்குப் பெரியதாகப் படுகிறது. கடன் கொடுத்துக் குடும்பத்தோடு எஸ்டேட்டில் கட்டிப் போட்டிருக்கும் முதலாளி, அவரிடம்தான் கூலி, அவரிடம்தான் குடியிருக்கும் வீடு, புகார் சொல்லப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவரும் அவருடைய ஆள். இந்தக் கதையில் பேயும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். வாளை உருவினால் தீராத பயம் இது, இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தாலும் விடிந்ததும் அதே வீட்டில்தான் கண்விழிக்க வேண்டும். இப்படி ஒன்றை நடத்தப் போகிறீர்கள் என்றால் மேசையில் இருப்பவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பேய்க்கதை என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு இதை எடுத்து விடாதீர்கள்.

சிரிப்பு எங்கே வரலாம் என்பதற்கு நான் கூத்தைத்தான் பார்ப்பேன். நம் சேலம், தருமபுரிப் பக்கத்து ஊர்களில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். பாரதக் கதையைவிட இருட்டான கதை எது? அதற்குள்ளேதான் கட்டியக்காரன் என்கிற கோமாளி ராத்திரி முழுக்கச் சிரிக்க வைக்கிறான். அவன் யாரைக் கிண்டல் செய்கிறான் என்று பாருங்கள். துரியோதனனுக்கே கட்டியம் கூறி வரவேற்றுவிட்டு அவன் முகத்துக்கு நேராகவே நக்கல் அடிப்பான். நான் பார்த்த கூத்துகளில், சபையில் இழுத்து வரப்பட்ட பாஞ்சாலி அழும்போது அந்த அழுகையை அவன் தொடுவதில்லை. தொல்காப்பியத்தில் நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, முதலாவதாகச் சொல்லப்பட்டிருப்பதே எள்ளல்தான். யாரை எள்ளுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் மேசையிலும் ஜோக் அடிக்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை அடக்காதீர்கள், மூன்று மணி நேரம் இறுக்கமாகவே உட்கார யாராலும் முடியாது. மேலே இருக்கிறவனைக் கிண்டல் பண்ணு, இன்னொருவர் மனசு விட்டு ஆடும் காட்சியை விட்டுவிடு என்று மட்டும் சொல்லுங்கள். நல்ல ஆட்டக்காரர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கூத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது. துகிலுரியும் காட்சி வரும்போது பல ஊர்களில் துச்சாதனன் வேஷம் கட்டியவர் ஆட்டத்தை நிறுத்துவார். சூடம் ஏற்றி, திரௌபதி அம்மனைக் கும்பிட்டு, அதற்குப் பிறகுதான் சேலையில் கை வைப்பார். நான் செய்யப் போவது வேஷம், நான் அவன் இல்லை என்று ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார். அதனால் காட்சி பலவீனமாகிறதா என்றால் இல்லை, பார்க்கிறவர்கள் இன்னும் உள்ளே போகிறார்கள். கொடுமையான காட்சிக்கு முன்னால் ஒரு நிமிடம் நிறுத்தி எல்லாருக்கும் சரிதானே என்று கேட்டால் மூட் போய்விடும் என்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்.

இன்றைய ஆட்டங்களில் இதற்கென்றே வழிமுறைகள் வந்திருக்கின்றன. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் 2013-இல் எக்ஸ் கார்டு என்று ஒன்றைக் கொண்டுவந்தார். எக்ஸ் என்று எழுதிய ஓர் அட்டை மேசை நடுவில் இருக்கும், யாருக்காவது கதை தாங்க முடியாத பக்கம் போகிறது என்று பட்டால் அதைத் தொட்டால் போதும், அந்தப் பகுதியை விட்டுவிட்டு மேலே போக வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. அதற்கும் முன்னாலிருந்தே ரான் எட்வர்ட்ஸ் வழியாக வந்த கோடு, திரை என்ற ஏற்பாடு உண்டு. கோடு போட்ட விஷயம் நம் கதையில் வரவே வராது. திரை போட்டது நடக்கும், ஆனால் காட்ட மாட்டோம், அடுத்த காட்சிக்குத் தாவிவிடுவோம். முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் டீயோடு உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

ஜி.எம். நல்லவர், அனுபவசாலி, அவரே பார்த்துக்கொள்வாரே என்பீர்கள். முடியாது. ஏன் முடியாது என்பதற்கு நம் ஊரிலிருந்தே சொல்கிறேன். வாசலில் யாரோ விட்டுப் போன குழந்தை, அது வளர்ந்து வீரனாகிறது என்பது சாகசக் கதைகளில் மிகச் சாதாரணமான, சந்தோஷமான தொடக்கம். எந்த ஜி.எம்.மும் அதை இருட்டு என்று நினைக்க மாட்டார். ஆனால் பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது சேலத்தில்தான். அந்தத் தொட்டில்களில் விடப்பட்ட குழந்தைகள் இன்றைக்கு நம் வயதில், நம் பக்கத்தில் இருப்பவர்கள். அப்படி ஒருவர் உங்கள் மேசையில் இருந்தால் அவருக்கு அந்தக் காட்சி என்னவாக இருக்கும்? ஒருவேளை அவருக்கு அது மிகவும் பிடித்துப் போகலாம், நான்தான் அந்தக் கேரக்டரை ஆடுவேன் என்று கேட்கலாம். அல்லது எழுந்து போய்விடலாம். வெளியே இருந்து யாராலும் சொல்ல முடியாது. அவரும் தன் கதையை எல்லார் முன்னாலும் சொல்லித்தான் அந்தக் காட்சியைத் தவிர்க்க வேண்டும் என்று இருக்கக் கூடாது. காரணம் கேட்கக் கூடாது என்ற விதி இந்த ஒருவருக்காகத்தான். போனில் எழுதி எழுதி ரோல்பிளே ஆடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், எதிரில் இருப்பவர் முகம் மாறுவதே உங்களுக்குத் தெரியாது.

கலகலப்பான கதையை விரும்புகிறவர்களுக்காகவும் நான் பேச வேண்டும், ஏனென்றால் நம் வட்டத்தில் அவர்களைக் கொஞ்சம் கீழாகப் பார்க்கிறார்கள். இருட்டாக இருந்தால்தான் பெரியவர்களின் ஆட்டம், மற்றதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒரு எண்ணம். நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வாரம் முழுக்கக் கடையிலும் பட்டறையிலும் ஆஸ்பத்திரியிலும் நின்றுவிட்டு வருகிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும் என்று கேட்டால் அது முழு மனிதரின் ஆசைதான். ஒருவர் தன் கேரக்டருக்கு 'மாங்கா மகாராஜா' என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தால் தனக்கு என்ன கதை வேண்டும் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். அவரை அழ வைக்கத் திட்டம் போடாதீர்கள்.

ஆனால் சிரிப்புக் கதையிலும் ஏதாவது தொலைய வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் அரட்டையாகிவிடும். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை, கல்யாணப் பெண்ணின் கொலுசு ஜோடியில் ஒன்றைக் காணோம், விடிந்தால் முகூர்த்தம். யாரும் சாகப் போவதில்லை, உலகம் அழியப் போவதில்லை. ஆனால் முகூர்த்த நேரம் போனால் போனதுதான், பட்டறைக்காரரின் பெயரும் அதோடு போய்விடும். அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவர் எவ்வளவு பதறுகிறாரோ அவ்வளவு சிரிப்பு வரும். அந்தப் பதற்றத்தை ஜி.எம். உண்மையாகவே ஆட வேண்டும், தானும் சேர்ந்து சிரித்துவிட்டால் கதை முடிந்தது.

ஒரு தம்பி கேட்டார், பாதியில் அளவை மாற்றலாமா என்று. மாற்றலாம், ஆனால் ஆட்டத்துக்கு வெளியே வந்து மாற்றுங்கள். சிரிப்பாகத் தொடங்கி ஆறு மாதம் ஓடிய கதையில் எல்லாருக்கும் அந்தக் கேரக்டர்கள் மேல் பிரியம் வந்திருக்கும், அப்போது இருட்டைத் தொட ஆசை வருவது இயல்பு. அடுத்த வாரத்திலிருந்து இறந்தவர் திரும்பி வர மாட்டார், சம்மதமா என்று நேராகக் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

இன்னொருவர் கேட்டது, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே மேசையில் இருந்தால் என்ன செய்வது. மேசையில் மிகச் சின்னவர் யாரோ அவருக்கு ஏற்றபடி அளவை வையுங்கள், அவருடைய அப்பா அம்மாவிடம் கதை எதைப் பற்றியது என்று முன்பே சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வேறு கதை வேண்டுமென்றால் வேறு கிழமையில் இன்னொரு மேசை போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு ஜன்னல் ஓரத்து மேசையில் அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள், அங்கே கொலுசுக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் கதை உள் அறையில். எக்ஸ் கார்டு எல்லா மேசையிலும் வைத்திருக்கிறேன், உட்கார்ந்ததும் முதலில் கோடும் திரையும் பேசிவிட்டு அப்புறம் பகடையை எடுங்கள்.