தெரியாத மூட்டை

நேயர்களுக்கு வணக்கம். குமுளியில் என் சித்தப்பாவுக்கு ஒரு மலைச்சரக்குக் கடை. நான் கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறவன். ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு பேர் ஏலக்காய் கொண்டுவந்தார்கள். ஒருவர் பத்து வருஷப் பழக்கம். அவர் மூட்டையில் பத்துக்கு ரெண்டு காய் சொத்தை என்பது சித்தப்பாவுக்கு அத்துப்படி. இன்னொருவர் புதுசு. அவர் காய் ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தார் சித்தப்பா. உள்ளே இருந்த ஏலரிசி கறுகறுவென்று, விரலில் ஒட்டுகிற பதத்தில் இருந்தது.

“காய் நல்லாத்தான்டா இருக்கு. மூட்டைக்கு அடியில என்ன கிடக்குன்னு யாரு கண்டா?”

பழைய ஆளின் மூட்டைதான் தராசில் ஏறியது.

பத்துக்கு ரெண்டு என்றால் விலையைக் குறைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். கணக்கே போட முடியாதது வேறு ரகம். பொருளியல் அறிஞர் ஃபிராங்க் நைட் 1921-லேயே இரண்டையும் பிரித்துக் காட்டினார். மூளைக்கும் இந்தப் பேதம் தெரிகிறதா என்று 2005-இல் மிங் ஷூ, காலின் கேமரர் குழுவினர் ஆட்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துச் சீட்டு விளையாடச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு சீட்டுக்கட்டில் சிவப்பு 10, நீலம் 10. இன்னொன்றிலும் 20 சீட்டுதான், ஆனால் எந்த நிறம் எத்தனை என்று சொல்லவில்லை. வரும் சீட்டின் நிறத்தின்மேல் பந்தயம் கட்டலாம். தெரியாத கட்டு வந்தபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கிற அமிக்டலா என்ற மூளைப் பகுதியும், கண்ணுக்கு மேலே இருக்கிற மூளைப் பகுதியும் கூடுதலாக வேலை செய்தன. பலனை எதிர்பார்த்துத் துடிக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி அடங்கிக் கிடந்தது. கண்ணுக்கு மேலுள்ள அந்தப் பகுதி சேதமான நோயாளிகளோ தெரிந்த கட்டையும் தெரியாத கட்டையும் ஒரே மாதிரி பார்த்தார்கள். எந்த நிறம் அதிகம் என்று தெரியாதபோது இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிற பொருளியல் புத்தகப்படி அவர்கள்தான் சரியான வியாபாரிகள்! சித்தப்பாவிடம் சொன்னேன். “கூட்டிட்டு வா, கல்லாவுல உட்கார வச்சுப் பார்ப்போம்” என்றார்.

உடம்பும் இதில் கூட்டு. லண்டனில் 17 பங்கு வணிகர்களின் எச்சிலை 8 வேலை நாட்கள் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். சந்தை அலைபாயும்போது மன அழுத்தத்தில் சுரக்கிற கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறியது. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடந்த ஏலக்காய் ஏலத்தில் காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது ஞாபகம் இருக்கும். சித்தப்பா கையில் சரக்கு இருந்தது, எப்போது விற்றாலும் லாபம்தான். ஆனாலும் மனுஷன் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அது ஏன் என்று லண்டன் எச்சிலைப் படித்தபிறகுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

ஆனால் ஸ்கேன் படத்தை வைத்துக் குறி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அந்தக் கருவி பார்ப்பது மூளையில் ரத்த ஆக்சிஜனின் ஏற்ற இறக்கத்தை, அதுவும் சில நொடி தாமதமாக. குழாய்க்குள் அசையாமல் படுத்துச் சின்னத் தொகைக்கு விளையாடுகிறவருக்கு, வட்டிக்கு வாங்கிய பணம் என்ற கவலை கிடையாது.

அந்தப் புது ஆளைச் சித்தப்பா ஒரேயடியாக விரட்டிவிடவில்லை. “அடுத்த வாரம் அஞ்சு கிலோ மட்டும் கொண்டு வாங்க” என்றார். வந்ததும் மொத்தத்தையும் முறத்தில் கொட்டி, சொத்தையைத் தனியே பொறுக்கி எடைபோட்டு, கணக்கு நோட்டில் அவருக்கென்று ஒரு பக்கம் திறந்தார்.