கடிவாளம் அறுந்த செல்

நேயர்களுக்கு வணக்கம். ஒருவருக்குக் கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், “குடிப்பாரோ?” என்றுதான் முதலில் கேட்கிறோம். ஒரு துளி மதுவும் தொடாதவர்களை இந்தக் கேள்வி எவ்வளவு காயப்படுத்தும் என்று நாம் எண்ணுவதில்லை. மது பெரிய காரணம்தான். ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்களும் கல்லீரல் கொழுப்பும் காரணங்களே. எது தொடங்கி வைத்தாலும், தழும்பை நெய்வது பெரும்பாலும் ஒரே வகைச் செல். அதை உசுப்பிவிடுவதில் குடல் பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டு என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. குடல் உறிஞ்சிய சத்துகளோடு, இறந்த பாக்டீரியாக்களின் மேலுறைத் துணுக்குகளும் அதில் சிறிதளவு வந்து சேரும். லிப்போபாலிசாக்கரைடு என்ற நச்சு அந்தத் துணுக்குகளில்தான் இருக்கிறது. கல்லீரலில் காவல் இருக்கும் குப்ஃபர் செல்கள் அவற்றை விழுங்கிவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. குடல் சுவர் தளர்ந்தால் நிலைமை மாறுகிறது. மது அதைத் தளர்த்தும். முற்றிய கல்லீரல் நோயும் தளர்த்தும். நச்சு கூடுதலாக வந்து இறங்குகிறது.

அங்கே விண்மீன் வடிவில், வைட்டமின் ஏ-யைக் கொழுப்புத் துளிகளாகச் சேர்த்துவைத்துக்கொண்டு அமைதியாக இருக்கிறது இன்னொரு செல். 1876-இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் குப்ஃபர் முதலில் கண்டது இந்த விண்மீன் செல்லைத்தான். பின்னர் அவரே இதை, துணுக்குகளை விழுங்கும் குப்ஃபர் செல்லோடு குழப்பிக்கொண்டார். இரண்டும் வேறு என்று ஜப்பானியர் கென்ஜிரோ வாகே 1971-இல் தெளிவாக்கினார். இடையில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள்!

நச்சைக் குப்ஃபர் செல் உணர்கிறது, அது எழுப்பும் கூச்சலில் விண்மீன் செல் விழிக்கிறது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். 2007-இல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான எலி ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நச்சை உணரும் டி.எல்.ஆர்-4 என்ற ஏற்பி விண்மீன் செல்லின் மேலேயே இருக்கிறது. தழும்பு வளர அந்த ஏற்பிதான் முக்கியம். நச்சு அதைத் தொட்டதும், செல்லின் பேம்பி என்ற புரதம் குறைகிறது. பேம்பிதான் கடிவாளம். டி.ஜி.எஃப்-பீட்டா என்னும் ‘தழும்பு நெய்’ கட்டளைக்குச் செல் எளிதில் பணியாதபடி அதுவரை இழுத்துப் பிடித்திருந்தது அதுவே. அது தளர்ந்த நிலையில் குப்ஃபர் செல்கள் அந்தக் கட்டளையை அனுப்பினால், விண்மீன் செல் தன் வைட்டமின் சேமிப்பை இழந்து, தசைபோலச் சுருங்கும் தன்மை பெற்று, கொலாஜன் நாரை நெய்து தள்ளுகிறது. குடல் பாக்டீரியாக்களை மருந்தால் குறைத்த எலிகளில் தழும்பும் குறைந்தது.

எலிக்குச் சரியாக இருப்பது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஹெபடைட்டிஸ் சி குணமான பலருக்குத் தழும்பு கரைவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். காரணம் விலகினால் இந்தச் செல்களில் ஒரு பகுதி மடிகிறது. இன்னொரு பகுதி பழைய அமைதிக்குத் திரும்புகிறது. இதுவும் எலிகளில் பார்த்ததுதான். ஆனால் அப்படித் திரும்பிய செல், மறுபடி காயம் பட்டால் முன்னைவிட விரைவாக எழுந்துவிடுகிறது.