முறிவுதான், தொடர்ச்சி இல்லை

நடுவர் அவர்களே, அவையோரே, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

2014-இல் இராக்கிலும் சிரியாவிலும் ஐஎஸ் என்ற ஆயுத இயக்கம் அறிவித்த கிலாஃபத், அதாவது கலீஃபா ஒருவரின் தலைமையிலான ஆட்சி, இஸ்லாமிய ஆட்சிமுறையின் தொடர்ச்சியா, முறிவா? தொடர்ச்சிதான் என்று பேசிய எதிரணி நண்பர் வலுவான சான்றோடுதான் வந்தார். இராக்கின் மோசுல் நகரில், நூரி பள்ளிவாசலின் மிம்பரில் (உரை மேடையில்) ஐஎஸ் தலைவர் பக்தாதி, நபிக்குப் பின் ஆட்சித் தலைமை ஏற்ற முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களின் பதவியேற்பு உரையையே எடுத்துச் சொன்னாராம். உண்மைதான். ‘நான் உங்களில் சிறந்தவன் அல்லன், சரியாக நடந்தால் துணை நில்லுங்கள், தவறினால் திருத்துங்கள்’ என்ற அதே கருத்து.

சரி, திருத்தப் போனவர்கள் என்ன ஆனார்கள்? அதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாரே! பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்ய மறுத்த இமாம்கள் மோசுலிலேயே கொல்லப்பட்டதை ஐ.நா. அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் 120-க்கும் மேற்பட்ட அறிஞர்கள் பக்தாதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். முஸ்லிம்களின் ஒருமித்த சம்மதமின்றி கிலாஃபத் அறிவிக்க முடியாது, அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவருவது கூடாது என்றார்கள். வட இராக்கின் சிஞ்சாரில் பிடித்த யஸீதி எனும் சிறுபான்மைச் சமயப் பெண்களை ஐஎஸ் இயக்கத்தினர் அடிமைகளாக விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. விற்பனை நிற்கவில்லை.

பழைய ஆட்சிகளிலும் அடிமைகள் இருந்தார்கள், முதல் நான்கு கலீஃபாக்களுக்குப் பின் வந்த உமய்யா வம்சத்தார் காலத்தில் அரியணை குடும்பச் சொத்தானது என்கிறது எதிரணி. மறுக்கவில்லை. ஆனால் ‘நபிவழிக் கிலாஃபத்’ என்று பெயர் சூட்டிக்கொண்டது ஐஎஸ் இயக்கத்தினரேதான். அப்படியானால் முதல் நான்கு கலீஃபாக்களை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

நான்காவது கலீஃபா அலீ (ரலி) அவர்களைப் பாருங்கள். அவர் அணியிலிருந்தே பிரிந்துபோன காரிஜிகள் என்ற குழுவினர் அவரையே காஃபிர் (இறைமறுப்பாளர்) என்றார்கள். இராக்கின் கூஃபா நகரப் பள்ளிவாசலில் அவர் பேசும்போதே ‘தீர்ப்பு அல்லாஹ்வுக்கே’ என்று கோஷம் போட்டார்கள். சொல் உண்மை, அதைக் கொண்டு நாடுவது பொய் என்றார் அவர். சிறையில் தள்ளவில்லை. பள்ளிவாசலுக்கு வருவதைத் தடுக்க மாட்டோம், எங்களோடு இருக்கும்வரை பொதுநிதியில் உங்கள் பங்கை நிறுத்த மாட்டோம், நீங்கள் தொடங்காதவரை போர் தொடுக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். பிறகு நஹ்ரவான் என்ற இடத்தில் அவர்களோடு போர் வந்ததே என்பீர்கள். அதற்கு முன்பே அவர்கள் நபித்தோழர் ஒருவரின் மகனையும் கர்ப்பிணியான அவர் மனைவியையும் கொன்றிருந்தார்கள். பிறகு 661-இல் அதே கூஃபாவில் அலீ அவர்களை வெட்டியதும் ஒரு காரிஜிதான். தொடர்ச்சி வேண்டுமென்றால் எதிரணி அந்தக் காரிஜிகளிடம் போய்த் தேடட்டும்.

மோசுலில் பக்தாதியை முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசிவிட்டு, மறுநாளும் அதே பள்ளிவாசலுக்குத் தொழ வந்த ஒரே ஒருவரைக் காட்டுங்கள். காட்டினால், நடுவர் அவர்களே, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானே அந்தப் பக்கம் போய்விடுகிறேன்.