சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்

நேயர்களுக்கு வணக்கம். தொழிலாளர் தினத்தையொட்டிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் ஒரு சைக்கிளிலிருந்து தொடங்குகிறேன்.

என் தாத்தா இங்கே மலேசியாவில், கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பேர் கொடுத்துவிட்டு, கத்தியும் வாளியுமாகத் தன் மரவரிசையான நிரைக்கு ஓட வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். அந்தப் பாட்டையெல்லாம் தாத்தா சாதாரணமாகத்தான் சொல்வார். சைக்கிள் கதைக்கு வரும்போதுதான் குரல் மாறும். வெள்ளைக்கார மேலாளரான துரையோ, தோட்டத்துக் கணக்கரான கிராணியோ எதிரே வந்தால், சைக்கிளில் போகிறவர் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அவர் கடந்து போன பிறகுதான் மறுபடி ஏறலாம். பின்னால் பிள்ளை உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். அப்பா இறங்கி நிற்பதை அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்.

1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளைப் படிக்க வை என்றார்கள். அதோடு சேர்த்து, இனி சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். வயிறு காய்ந்தவர்கள் கூலியோடு மரியாதையையும் கேட்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதனை மே மாதம் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லித் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. பட்டாளம் வந்தது. சுடப்பட்டு ஐந்து பேர் உயிரிழந்தார்கள். நாதனை நாடு கடத்தினார்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் தொழிற்சங்கங்கள் மறுபடி எழுந்தன. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, 1949 மே 4 அன்று இதே கோலாலம்பூரில், புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அங்கே இன்று பேரங்காடி. சிறையின் பழைய வாசல் மட்டும் ஹங் துவா சாலையோரம் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது 2013-இல்தான். தீபகற்பத்தில் அன்று 900 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் அது 1,700 ஆனது. சரி, கூலி ஏறியிருக்கிறது. மரியாதை?

இன்று நம் உணவகங்களில் மேசை துடைக்கிறவர் வங்காளதேசத்துத் தம்பி. அவருடைய கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், சில இடங்களில் முதலாளியின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. சட்டப்படி அது குற்றம். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கடை நடத்துகிறவர்களும் இருப்பீர்கள். உங்கள் இழுப்பறையில் அப்படி ஒன்று இருந்தால், இன்றைக்கே எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.