ஸ்டொப் வோச்சை நம்பாதீர்கள்: துடுப்பு வலிப்பவர் ஒலிம்பிக் போகிற வழி

[காட்சி: திருகோணமலை உள்துறைமுகம், காலை. தண்ணீர் அசையவில்லை.]

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீச்சலில் ஒலிம்பிக் போக ஒரு நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட ஒரு போட்டியில், அது எந்த நாட்டில் நடந்தாலும் சரி, அந்த நேரத்துக்குள் நீந்தி முடித்தால் உங்கள் பெயர் கணக்கில் வந்துவிடும். மெய்வல்லுநர் ஓட்டங்களிலும் அப்படி ஒரு வழி உண்டு. துடுப்பு வள்ளங்களான கனோ, கயாக் போட்டிகளில் அந்தப் பேச்சே கிடையாது. நீங்கள் இங்கே உலகத்திலேயே வேகமாக வலித்தாலும் அந்த நேரத்தைக் காட்டி ஒருவரும் டிக்கெட் தர மாட்டார்கள்.

ஏன் என்று கேட்டால், திருமலையில், அதாவது இந்தத் திருகோணமலையில், இருக்கிறவர்களுக்கு அதை விளக்கவே தேவையில்லை. ஆடி மாதம் காலை ஆறு மணிக்கு இந்தத் தண்ணீரைப் பாருங்கள், இதே இடத்துக்கு மத்தியானம் வாருங்கள், கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியிருக்கும். அதே ஆள், அதே வள்ளம், அதே தூரம்தான், ஆனால் காற்று முதுகில் பட்டால் ஒரு நேரம், முகத்தில் அடித்தால் வேறொரு நேரம். தண்ணீரின் ஆழமும் சூடும்கூட வேகத்தை மாற்றும். அதனால்தான் இந்த விளையாட்டில் உலக சாதனை என்று சொல்வதைவிட 'உலகின் சிறந்த நேரம்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நேரத்தை நம்ப முடியாத இடத்தில் மிஞ்சுவது ஒன்றுதான்: ஒரே நாளில், ஒரே தண்ணீரில், பக்கத்துப் பாதையில் வருகிறவரை முந்துவது.

[காட்சி: இரண்டு வள்ளங்கள், பக்கவாட்டில்.]

முதலில் வள்ளங்களைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதை ரோயிங்கோடு போட்டுக் குழப்புகிறார்கள். ரோயிங்கில் முதுகுப் பக்கமாகப் போவார்கள், இதில் முகம் போகிற திசையைப் பார்த்திருக்கும். கயாக்கில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தகடு உள்ள துடுப்பால் மாறி மாறி வலிக்க வேண்டும், திருப்புவதற்குக் காலுக்கு எட்டுகிற சுக்கான் இருக்கும். கனோவில் ஒரு முழங்காலை மட்டும் ஊன்றி, ஒரே பக்கம், ஒற்றைத் தகட்டுத் துடுப்பு, சுக்கானும் இல்லை. வலப்பக்கம் வலித்தால் வள்ளம் இடப்பக்கம் ஓடத்தானே பார்க்கும்? ஒவ்வொரு வலிப்பின் கடைசியிலும் மணிக்கட்டைச் சிறிது திருப்பி அதை நேராக்கிக்கொண்டே போக வேண்டும். எழுத்துகளையும் கவனியுங்கள்: கே என்றால் கயாக், சி என்றால் கனோ, பக்கத்தில் வரும் இலக்கம் உள்ளே எத்தனை பேர் என்பது. கே1 அதிகபட்சம் 5.20 மீட்டர் நீளம், குறைந்தபட்சம் 12 கிலோ. கே4 என்றால் 11 மீட்டர், பார்த்தால் மிரண்டுவிடுவீர்கள்.

இதெல்லாம் ஸ்பிரின்ட், அதாவது அமைதியான தண்ணீரில் நேர்ப்பாதை. ஸ்லாலம் என்று இன்னொரு வகை இருக்கிறது: பாய்கிற தண்ணீரில் தொங்கும் கம்பங்களுக்கு நடுவே புகுந்து போவது, கம்பத்தைத் தொட்டால் 2 வினாடி தண்டனை, ஒரு வாசலைத் தவறவிட்டால் 50 வினாடி. ஆறு பாய்கிற கித்துல்கலப் பக்கம் இருக்கிறவர்கள் அதைப் பற்றி யோசிக்கலாம். நமக்குக் கிடைத்திருப்பது கடலும் குளமும், ஆகவே ஸ்பிரின்டோடு நிற்போம்.

சரி, தகுதி. பாரிஸ் 2024-ஐ வைத்தே சொல்கிறேன், அது முழுதாக நடந்து முடிந்த கணக்கு. ஸ்பிரின்டுக்கு மொத்தம் 236 இடங்கள், ஆண்களுக்குப் பாதி, பெண்களுக்குப் பாதி. அதில் பெரும் பங்கு ஒரே போட்டியில் போய்விட்டது: 2023 ஆகஸ்டில் ஜெர்மனியின் டுயிஸ்பர்க்கில் நடந்த உலகச் சம்பியன்ஷிப். நால்வர் கயாக்கை எடுத்துக்கொண்டால் பத்து வள்ளங்களுக்கான இடமும் அங்கேயே முடிந்துவிட்டது, பிறகு கதவே இல்லை. மற்ற வகைகளில் முன்வரிசை வள்ளங்கள் இடத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு, மிச்சம் கண்டங்களுக்குப் பிரிந்தது. ஆசியாவுக்கான தகுதிகாண் போட்டி 2024 ஏப்ரலில் டோக்கியோவில் நடந்தது. அங்கே ஒரு வகைக்கு ஒன்றோ இரண்டோ இடம்தான். சீனா, கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான், ஈரான், ஜப்பான் எல்லாம் இருக்கிற வரிசையில் அந்த ஒன்றுக்கு நிற்க வேண்டும். சீனாவை லேசாக எண்ண வேண்டாம், பாரிஸில் இருவர் கனோ 500 மீட்டரில் ஆண்கள், பெண்கள் இரண்டு தங்கமும் அவர்களுக்குத்தான்.

இப்போது பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். அந்த இடத்தை வென்றது யாராக இருந்தாலும் அது அவருக்குச் சொந்தமில்லை. இடம் நாட்டுக்கு. நீங்கள் டோக்கியோவில் முதலாவதாக வந்து ஒரு கே1 இடத்தைப் பிடித்துக்கொடுத்தாலும், ஒலிம்பிக்கில் யார் உட்கார்வது என்பதை நாட்டின் ஒலிம்பிக் குழு முடிவு செய்யும். பெரிய நாடுகள் அதற்காகவே பிறகு உள்நாட்டில் ஒரு தெரிவுப் போட்டி வைப்பதுண்டு. இது நியாயமா என்று கேட்டால், வென்றவர் பக்கம் நின்று பார்த்தால் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் நால்வர் வள்ளத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் முழு வள்ளமும் வீட்டில் நிற்கும் நிலைமையை யோசித்தால் அந்த விதி ஏன் இருக்கிறது என்று விளங்கும்.

இன்னொன்று: கணக்கு ஆளை வைத்து. ஒரே ஆள் இரண்டு வள்ளத்தில் தகுதி பெற்றால் அவர் ஒரு இடத்தைத்தான் நிரப்புகிறார், மற்றது அடுத்தவருக்கு இறங்கும். மறுபக்கம், நால்வர் வள்ளத்துக்காகப் போனவர் அங்கே தனி வள்ளத்திலும் இறங்கலாம். நியூசிலாந்தின் லிசா கேரிங்டன் பாரிஸில் கே1, கே2, கே4 மூன்றிலும் 500 மீட்டர் தங்கம் எடுத்தார். வலுவான நாடுகள் நால்வர் வள்ளத்தை முதலில் குறிவைப்பதன் காரணம் இதுதான், ஒரு வள்ளம் தகுதி பெற்றால் நான்கு பேர் உள்ளே வந்துவிடுகிறார்கள், அவர்களை வைத்து மற்ற வகைகளையும் நிரப்பலாம்.

கடைசி வழி, சிறிய அணிகளை அனுப்புகிற நாடுகளுக்கான அழைப்பு இடம். முந்தைய இரண்டு ஒலிம்பிக்கில் சராசரியாக எட்டுப் பேர் அல்லது அதற்குக் குறைவாக அனுப்பிய நாடுகளுக்கென்று சொற்ப இடங்கள். கேட்டதும் கிடைக்காது, சர்வதேசக் குழுதான் தீர்மானிக்கும். பாரிஸுக்கு இலங்கை அனுப்பியது 6 பேரை: மெய்வல்லுநரில் மூவர், நீச்சலில் இருவர், பூப்பந்தில் ஒருவர். வள்ளத்தில் ஒருவரும் இல்லை.

[காட்சி: தொடக்கக் கோடு, வள்ளங்களின் மூக்குகள்.]

ஒன்பது வள்ளங்களின் மூக்கும் தண்ணீருக்குள் ஒரு பிடிப்பானில் மாட்டியிருக்கும். சத்தம் வந்த கணம் அது கீழே விழும், அதற்கு முன் இடித்தால் வள்ளம் திரும்பித் துள்ளும். பாரிஸில் பெண்கள் சி1 200 மீட்டர் முடிவைப் பாருங்கள்: கனடாவின் கேட்டி வின்சென்ட் 44.12 வினாடி, அமெரிக்காவின் நெவின் ஹாரிசன் 44.13. தகுதிகாண் போட்டியிலும் இதே கதைதான், ஒரு வலிப்பின் பாதி பிந்தினால் நான்கு வருடம் போச்சு.

ஆசிய விளையாட்டு விழா வேறு மாதிரி. அங்கே இப்படி நீண்ட தகுதிகாண் சங்கிலி இல்லை, நாட்டின் சம்மேளனமும் ஒலிம்பிக் குழுவும் பெயரைக் கொடுத்தால் போகலாம், ஆனால் பெயரைக் கொடுக்க வைப்பதே ஒரு போட்டி. 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த விழாவில் இந்தியாவின் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங்கும் இருவர் கனோ 1000 மீட்டரில் வெண்கலம் எடுத்தார்கள், 1994 ஹிரோஷிமாவுக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த கனோ பதக்கம். அதை வைத்து பாரிஸ் போகலாமா? முடியாது. இருவர் கனோ 1000 மீட்டர் பாரிஸ் பட்டியலிலேயே இல்லை, 500 மட்டும்தான். கழுத்தில் ஆசியப் பதக்கம் இருந்தும் டோக்கியோ தகுதிகாண் வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது, பாரிஸில் இந்தியக் கனோவோ கயாக்கோ இல்லை.

அப்போ திருமலைப் பிள்ளைக்கு உண்மையான தடை என்ன? தண்ணீர் இல்லை. கந்தளாய்க் குளத்தில் காலையில் 1000 மீட்டர் நேர்ப்பாதை போட இடம் தாராளம் (முதலை பற்றி அங்குள்ள மீனவரிடம் முதலில் கேளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை). உள்துறைமுகத்தில் கடற்படைப் பகுதிகள் இருப்பதால் அனுமதி கேட்டுத்தான் மிதவை போட முடியும், தம்பலகாமக் குடாவில் வலைக்காரரோடு பேச வேண்டும். வாடைக் காலத்தில் கடல் பக்கம் பயிற்சியை மறந்துவிடலாம். இதெல்லாம் சமாளிக்கிற காரியம். நேரம் காட்டித் தகுதி பெற முடியாது என்பதுதான் பணத்தில் வந்து முடிகிறது: இங்கேயே நல்ல நேரம் எடுத்துவிட்டு ஒருமுறை மட்டும் பயணம் செய்ய வழியில்லை, தகுதிகாண் போட்டி எங்கே நடக்கிறதோ அங்கே ஆள் போக வேண்டும். விசா, விமானம், தங்குமிடம். ஐந்து மீட்டர் வள்ளத்தைக் கையோடு கொண்டுபோக முடியாமல் அங்கே வாடகைக்கு எடுத்தால், புது இருக்கையிலும் புது சுக்கானிலும் கால் பழக ஒன்றிரண்டு நாள் முன்கூட்டியே போயிருக்க வேண்டும், அதற்கும் செலவு.

ஆகவே பெற்றோருக்கும் பயிற்றுநருக்கும் நான் சொல்வது, பெண்பிள்ளை என்றால் கனோவில் முழங்கால் ஊன்றப் பழக்குங்கள். பெண்கள் கனோ ஒலிம்பிக்குக்குள் வந்ததே டோக்கியோ 2020-இல்தான், ஹாரிசன் அங்கே தங்கம் எடுக்கும்போது வயது 19. கயாக்கில் பல தலைமுறைப் பயிற்சி உள்ள நாடுகளோடு மோதுவதைவிட இங்கே இடைவெளி குறைவு என்பது என் கணிப்பு.

உடற்குறைபாடு உள்ளவர்களுக்கான பாரா கனோவும் இருக்கிறது, 2016 ரியோவில் தொடங்கியது, எல்லாம் 200 மீட்டர். அதில் ஒரு வகை வள்ளத்துக்குப் பக்கத்தில் மிதவை உண்டு, இலங்கையின் மேற்குக் கரை மீனவரின் ஓரு வள்ளம் மாதிரி. இந்தியாவின் பிராச்சி யாதவ் அந்த வள்ளத்தில் டோக்கியோ பாராலிம்பிக் இறுதிப் போட்டிவரை போனார், பிறகு ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் கயாக்கில் தங்கமும் எடுத்தார். அதன் வகுப்புப் பிரிப்பு தனிக் கதை, அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.