காரின் மெழுகைத் தின்னும் காலை நேர வாளி! கூடவே ஏசி தண்ணீர் ரகசியம்

சில ஆயிரம் ரூபாய் கொடுத்து டீட்டெய்லிங் (முழுச் சுத்தம், மெருகு, மெழுகுப் பூச்சு) முடித்து, பளபளவென்று வீட்டுக்கு வந்த காரை ஒரே மாதத்தில் பழைய கோலத்துக்குக் கொண்டுவர வேண்டுமா? செய்முறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீர் ஒரு வாளி. அதில் இரண்டு மூடி மண்ணெண்ணெய். பழைய பனியன் ஒன்று. காலை ஒன்பது மணி வெயில். காரின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. பனியனை நனைத்துப் பிழிந்து, படிந்திருக்கும் தூசியோடு சேர்த்து வட்ட வட்டமாகத் தேயுங்கள். வேலை முடிந்தது.

சிரிக்கிறீர்களா? சென்னையிலோ கோவையிலோ ஏதாவது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் காலையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். இந்தச் செய்முறையில் ஏதாவது ஒரு பகுதி அங்கே நடந்துகொண்டுதான் இருக்கும்.

வணக்கம் நண்பர்களே. ஒரு முழு டீட்டெய்லிங்கிற்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் மாதங்களில் காரின் மெழுகுப் பூச்சை எப்படிக் காப்பாற்றுவது? இதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். ஆர்.ஓ. கழிவு நீர் ஏன் கூடாது என்பதற்கு நடுவில் ஒரு தாமரைக்குளம் வரும், வீடியோவைத் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள்.

[திரையில்: கார் தகட்டின் குறுக்குவெட்டுப் படம்]

பின்னணி அரை நிமிடம். தகட்டின் மேல் துருத் தடுப்பு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். கிளியர் கோட்டின் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. மெழுகு அதற்கும் மேலே ஒரு மைக்ரானைக்கூட எட்டாத படலம். அவ்வளவுதான்.

அந்தப் படலம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் என்னால் அரை நிமிடத்தில் சொல்ல முடியாது. நல்ல பேஸ்ட் மெழுகின் உயிர் கார்னௌபா. பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி மாநிலங்களில் வளரும் ஒரு பனை. நம் ஊர்ப் பனைக்குத் தூரத்துச் சொந்தம். ஓலையும் அதே விசிறி வடிவம்தான். வறட்சிக் காலத்தில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள ஓலையின் மேல் அந்த மரம் மெழுகைச் சுரக்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து, அடித்து உதிர்த்தால் தூள் தூளாக மெழுகு விழும். மாத்திரைகளின் மேலும் மிட்டாய்களின் மேலும் இருக்கும் பளபளப்பிலும் பல நேரங்களில் இதே மெழுகுதான்.

1935-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ரசீன் நகரத்தில் மெழுகு வியாபாரம் செய்துகொண்டிருந்த எஸ்.சி. ஜான்சன் நிறுவனத்தின் தலைவர் ஹெர்பர்ட் ஃபிஸ்க் ஜான்சன், இந்தப் பனையைத் தேடி பிரேசிலுக்கே பறந்தார். நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிகோர்ஸ்கி எஸ்-38 விமானத்தில்! அது போதாதென்று 1998-இல் அவர் மகன் சாம் ஜான்சன், அதே விமானத்தின் நகல் ஒன்றில் அப்பா போன வழியிலேயே மறுபடியும் போனார். மெழுகுக்காக இரண்டு தலைமுறை விமானம் ஏறியிருக்கிறது. நாம் அதைப் பனியனால் தேய்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கார்னௌபா உருகுவதற்கு 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். தேன்மெழுகுக்கு 62 முதல் 64 போதும். சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானட் 70 டிகிரியைத் தொட்டுவிடும். டப்பாவில் வரும் மெழுகு பல பொருட்களின் கலவை என்பதால் அதற்கு முன்பே இளகத் தொடங்கும். ஆக, வெயிலுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. கார்னௌபா மெழுகு பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் தாங்கும் என்பார்கள். நம் கோடையில் அதைவிடக் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கைப் பூச்சான சீலண்ட் சில மாதங்கள் வரும். வெயிலை நாம் ஒன்றும் செய்ய முடியாது, நிழலில் நிறுத்துவதைத் தவிர. தண்ணீர் விஷயத்தில் நிறையச் செய்யலாம்.

[திரையில்: தாமரை இலையில் உருளும் நீர்த்துளி, மெதுவான வேகத்தில்]

தாமரைக்குளத்துக்கு வந்துவிட்டோம். ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பவர்களைத் தாமரை இலைத் தண்ணீர் என்கிறோம். மெழுகு பூசிய பானட்டில் நீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். எப்போதும் சுத்தமாக இருந்தவை வழவழப்பான இலைகள் அல்ல, சொரசொரப்பானவை. தாமரை இலையின் மேற்பரப்பு முழுவதும் நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய மெழுகுத் துகள்கள். நீர்த்துளி அந்த மேடுகளின் நுனியில் மட்டும் உட்காருகிறது. இலையைச் சற்றுச் சாய்த்தால் போதும், அழுக்கையும் வாரிக்கொண்டு உருண்டு ஓடிவிடும்.

நீர்த்துளி ஒரு பரப்பைத் தொடும் கோணத்தை வைத்து இதை அளக்கிறார்கள். தாமரை இலையில் அது 150 பாகையைத் தாண்டும். மெழுகு பூசிய கார் வழவழப்பானது. அங்கே 100 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். அதாவது துளி அழகாகக் குவியும், ஆனால் உருண்டு ஓடாது. பானட், கூரை போன்ற தட்டையான இடங்களில் அப்படியே குந்தியிருக்கும். வெயில் ஏறும். தண்ணீர் ஆவியாகும். தண்ணீரில் இருந்த உப்பு மட்டும் காரிலேயே தங்கிவிடும்.

இப்போது ஒரு கணக்கு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கரைந்திருக்கும் திடப்பொருட்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. உங்கள் போர்வெல் தண்ணீர் 1000 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் வாளியில் 15 கிராம். ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் காரின் மேல் ஊற்றுகிறீர்கள்! குழாய் வாயிலும் கீசருக்குள்ளும் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு, பானட்டில் வட்ட வட்டமாக விழுகிறது. மெழுகு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு கச்சிதமான வட்டம். புதிதாக மெழுகு போட்ட கார்தான் உப்புத் தண்ணீரில் முதலில் அசிங்கமாகிறது. இது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இடைச்செருகலாக ஒன்று. வெயிலில் நீர்த்துளி பூதக்கண்ணாடியாக மாறி பெயிண்டை எரித்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். இதே குற்றச்சாட்டு செடிகளின் விஷயத்திலும் உண்டு. 2010-இல் ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்து, வழவழப்பான இலையில் உட்கார்ந்திருக்கும் துளியால் இலை கருகுவதில்லை என்று காட்டினார்கள். காரிலும் அந்த வெள்ளை வட்டம் வெந்த புண் அல்ல, காய்ந்த உப்பு.

சரி, ஆர்.ஓ. கழிவு நீர். ‘வீணாக்காதீர்கள், கார் கழுவுங்கள்’ என்று எத்தனை பேர் அறிவுரை சொல்லியிருப்பார்கள்! அந்த இயந்திரத்தின் வேலையே, நல்ல நீரை ஒரு பக்கமும் உப்பை மறு பக்கமும் பிரிப்பதுதான். மறு பக்கக் குழாயில் வருவது, உங்கள் போர்வெல் நீரைவிட உப்புக் கூடிய நீர். கழிவறைக்கு ஊற்றுங்கள், மாடிப்படி கழுவுங்கள். காருக்கு வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பதிலாக என்ன? பால்கனிக்குப் போங்கள். ஏசியின் வெளிக்குழாயில் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருக்கிறதே, அதுதான். காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து நீரானது. ஆவி குளிர்ந்த நீரில் சுண்ணாம்பு ஏது? சென்னை போன்ற புழுக்கமான ஊரில் ஓர் இரவு ஏசி ஓடினால் கடைசி அலசலுக்குத் தேவையான நீர் சேர்ந்துவிடும். மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், உள்ளே தூசி இருக்கும். சேமித்த மழைநீர் இருந்தால் அதுவும் அருமை. (இன்வர்ட்டர் பேட்டரியில் மட்டும் ஏசி தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். அது காய்ச்சி வடித்த நீரின் தூய்மை கொண்டதல்ல. பேட்டரி போனதும் கமெண்டில் என்னைத் தேடி வராதீர்கள்.)

[திரையில்: கார் கூரையில் மக்கால் மெதுவாக நீர் ஊற்றும் காட்சி]

ஊற்றும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீசி அடிக்காதீர்கள். மக்கைக் கூரையின் விளிம்பிலே வைத்து, நீர் ஒரு விரிப்பாக இறங்கும்படி மெதுவாகச் சாயுங்கள். ஏற்கெனவே நிற்கும் துளிகளையும் அந்த விரிப்பு தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். பூச்சு நன்றாக இருந்தால், நீர் போன இடம் பாதி காய்ந்ததுபோலவே தெரியும். மீதியைப் பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். இவ்வளவும் வெயில் ஏறுவதற்கு முன், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது.

இனி துணிக்கு வருவோம். சாலைத் தூசியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் அதற்கு 7. ஜன்னல் கண்ணாடியே அதற்குக் கீழேதான் வரும். மெழுகும் கிளியர் கோட்டும் எம்மாத்திரம்? தினமும் காலையில் வந்து துடைக்கும் அண்ணனைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் வரிசையாகப் பத்து கார் துடைக்கச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்? முதல் ஒன்பது காரின் மணலும் பத்தாவது காரின் மேல் ஊர்வலம் போகிறது. என் யோசனை இதுதான்: அவருடைய சம்பளத்தைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். தினமும் கண்ணாடிகள் மட்டும். வாரம் ஒரு முறை முழுக் கழுவல், நிறையத் தண்ணீர் ஊற்றிய பிறகே துணி. ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி. தரையில் விழுந்த துணி அன்றிலிருந்து சக்கரத்துக்கு மட்டும்.

ஷாம்பூ என்றால் கார் ஷாம்பூ. பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பிறந்தது. மெழுகைப் பார்த்து அது மரியாதை காட்டாது. மண்ணெண்ணெய் அதைவிட மோசம். பேஸ்ட் மெழுகைக் குழைக்கவே பெட்ரோலியக் கரைப்பான்களைத்தான் சேர்க்கிறார்கள். அதன் உறவுக்காரனைக் கொண்டு துடைத்தால் மெழுகு கரையாமல் என்ன செய்யும்? துடைத்த அன்று மினுமினுப்பது காரல்ல, எண்ணெய். மறுநாள் தூசி அதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

காக்கை எச்சம், நாவல் பழக் காலத்தில் வௌவால் செய்யும் ஊதாக் கறை: அன்றைக்கே ஈரத்துணியைச் சில நிமிடங்கள் மேலே போட்டு ஊறவைத்துத் தூக்கி எடுங்கள். சுரண்டாதீர்கள்.

ஆயுத பூஜையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அக்டோபரில் எனக்குத் தூக்கம் வராது. பானட்டில் சந்தனம் குழைத்து மூன்று பட்டை, நடுவில் குங்குமம். வையுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? மறுநாள் காய்ந்த சந்தனத்தை உலர்ந்த துணியால் உரசி எடுக்கிறோமே, அதுதான் பிரச்சினை. அது பொடியாக உதிர்ந்து, துணிக்குக் கீழே அரைபட்டு, பொட்டு வைத்த இடத்தைச் சுற்றி வெயிலில் மட்டும் தெரியும் மெல்லிய சுழல் கீறல்களை விட்டுவிட்டுப் போகும். குங்குமத்தின் சாயம் வெள்ளைக் காரில் ரோஜா நிறமாகத் தங்கும். மாலையிலேயே ஒரு மக் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு வழித்துவிடுங்கள். இல்லையென்றால் பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

இவ்வளவு கவனமாக இருந்தாலும் பூச்சு தேயத்தான் செய்யும். அதற்குத்தான் ஸ்பிரே வாக்ஸ், அதாவது தெளித்துப் பூசும் மெழுகு. மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, கழுவிய காரில் மட்டும். தூசி மேல் அடித்துத் துடைத்தால் மறுபடியும் பனியன் கதைதான். நிழலில், ஒரு நேரத்தில் ஒரு கதவு. மைக்ரோஃபைபர் துணியில் இரண்டு அழுத்தம் அடித்துப் பரப்பி, உடனே துணியின் உலர்ந்த பக்கத்தால் மெருகேற்றுங்கள். நிறைய அடித்தால் நிறையப் பாதுகாப்பு என்று நினைத்தால் திட்டுத் திட்டாக நிற்கும். பழைய உப்பு வட்டங்கள் இருந்தால் முதலில் வெள்ளை வினிகரில் சம அளவு நீர் கலந்து, குளிர்ந்த தகட்டில் ஒற்றி, உடனே நன்றாக அலசிவிடுங்கள். அந்த இடத்துக்கு மட்டும் மெழுகு மறுபடி வேண்டியிருக்கும்.

எப்போது மறுபடி போட வேண்டும் என்று காலண்டரைப் பார்க்காதீர்கள். கழுவிய பானட்டில் ஒரு மக் நீர் ஊற்றிப் பாருங்கள். துளிகள் இறுக்கமாகக் குவிந்தால் விட்டுவிடுங்கள். விளிம்பு கலைந்து, வரைபடத்தில் தீவுகள்போலப் படர்ந்து நின்றால் ஸ்பிரேயை எடுங்கள். கூரையும் பானட்டும்தான் முதலில் இப்படி ஆகும். கதவுகள் இன்னும் நன்றாக இருக்கும்போது முழுக் காருக்கும் போட்டுச் செலவு செய்யத் தேவையில்லை.

கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், போர்வெல் நீர், ஆர்.ஓ. கழிவு நீர், ஏசி நீர் மூன்றையும் அளந்து, ஊர்ப் பெயரோடு கமெண்டில் போடுங்கள். அதிக எண் காட்டும் ஊருக்குப் பரிசெல்லாம் கிடையாது, அனுதாபம் மட்டும்தான். சேனலைப் பின்தொடராதவர்கள் பொத்தானை அழுத்திவிடுங்கள். அடுத்த வாரம் கார் உறைகளை எடுத்துக்கொள்ளப்போகிறேன். அதில் சண்டைக்கு வருபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று இப்போதே தெரிகிறது.