மேசை மேல் நான்கு கிண்ணங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பக்கத்துத் தெருவில் இருக்கிற சின்னத் தாய்லாந்து உணவகம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு மேசை, உள்ளே வாணலி உறுமும் சத்தம், விலைப்பட்டியலைப் பார்த்து யாரும் மலைக்க வேண்டாத இடம். மேசை ஓரத்தில் ஒரு கம்பித் தாங்கி, அதில் நான்கு கிண்ணங்கள். ஒன்றில் வெறும் சர்க்கரை. ஒன்றில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள். மூன்றாவதில் மிளகாய் வில்லைகள் மிதக்கும் வினிகர். நான்காவதில் மீன் சாஸ், பொடியாக நறுக்கிய ஊசி மிளகாயோடு.

பல வருஷம் அந்தத் தாங்கியை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் நான் சாப்பிட்டு வந்தேன். ஒரு நாள் நூடுல்ஸ் சூப் வாங்கினேன். பக்கத்து மேசையில் வயதான தாய்லாந்து அம்மா ஒருவர், அவருக்கும் அதே சூப். முதலில் எதையும் சேர்க்காமல் இரண்டு வாய் குடித்துப் பார்த்தார். அப்புறம் அரைக் கரண்டி சர்க்கரை, கொஞ்சம் வினிகர், தாராளமாக மிளகாய்த்தூள், கடைசியில் சில சொட்டு மீன் சாஸ். கலக்கி ருசி பார்த்து, இன்னும் கொஞ்சம் வினிகர் விட்டார். சூப்பில் சர்க்கரையா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்தவர், ஒன்றும் சொல்லாமல் தாங்கியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவர் செய்ததையே நானும் செய்தேன். சாதுவாக இருந்த சூப்பில் புளிப்பு, இனிப்பு, உப்பு, காரம் நான்கும் ஒன்றையொன்று தாங்கி எழுந்து நின்றன. சமையல்காரர் அந்தக் கிண்ணத்தை முக்கால்வாசியில் நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான். மிச்சக் கால் பங்கு சாப்பிடுகிறவர் கையில். நான் போன பெரிய உணவகங்கள் சிலவற்றில் அந்தத் தாங்கியே இல்லை. அதனால்தான் சின்ன இடம் எனக்கு ஒரு படி மேல்.

ஆனால் எல்லாவற்றிலும் நான்கையும் கொட்டிவிடாதீர்கள். அது முக்கியமாக நூடுல்ஸுக்கு. தேங்காய்ப்பால் குழம்புகள் அடுப்பிலேயே முழுமையாகி வருபவை. பாட் கிரபாவ் என்கிற துளசி வறுவலுக்கு மிளகாய் போட்ட மீன் சாஸ் மட்டும் போதும். அதையும் மேலே வைக்கும் பொரித்த முட்டையின் மஞ்சள் கருவை உடைத்து, அங்கே விடுங்கள்.

அந்த வறுவலைப் பற்றி இன்னொன்று. கிரபாவ் என்பது துளசியேதான். சில கடைகளில் துளசி கிடைக்காமல் திருநீற்றுப்பச்சிலையைப் போட்டுவிடுவார்கள். அதுவும் நல்ல இலைதான், தாய்லாந்தில் அதற்கு ஹோரபா என்று பெயர், பச்சைக் குழம்பில் போடுவார்கள். ஆனால் துளசியின் அந்தக் காட்டமான மிளகு வாசனை அதில் வராது. தட்டு வந்ததும் முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

எல்லோரும் கேட்கும் பாட் தாய் என்கிற நூடுல்ஸ் வறுவல், பிபுன் சொங்க்ராம் பிரதமராக இருந்தபோது அரசே ஊக்குவித்துப் பரப்பிய உணவு. சயாம் என்ற பெயர் 1939இல் தாய்லாந்து என்று மாறியதும் அவர் ஆட்சியில்தான். தட்டின் ஓரத்தில் வைக்கும் எலுமிச்சைத் துண்டு அலங்காரம் அல்ல, பிழிந்துவிடுங்கள்.

டாம் யாம் குங் என்கிற புளிப்பும் காரமுமான இறால் சூப்பை 2024இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் கிடக்கும் எலுமிச்சைப்புல் தண்டும் பேரரத்தைத் துண்டும் வாசனைக்காக. மெல்ல வேண்டாம், ஒதுக்கிவிடலாம். சோற்றுக்குச் சாப்பிடும் குச்சிகளும் கேட்க வேண்டாம். வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி. முள்கரண்டி தள்ளிக்கொடுக்கும், வாய்க்குப் போவது கரண்டி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேட்டுவிட வேண்டும். காய்கறிக் குழம்பு என்று எழுதியிருந்தாலும் அரைத்த மசாலாவில் இறால் விழுது இருக்கலாம், வறுவலில் மீன் சாஸ் இருக்கலாம். 'ஜே' என்று ஒரு சொல் சொன்னால் போதும். இறைச்சி, மீன், முட்டை எதுவும் வேண்டாம் என்பது அதில் அடங்கிவிடும். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள்.

நாலு பேர் போனால் ஆளுக்கொரு தட்டு வாங்காதீர்கள். ஒரு குழம்பு, ஒரு வறுவல், பச்சைப் பப்பாளியை உரலில் இடித்துச் செய்யும் சோம் தாம் ஒன்று, ஒரு சூப். எல்லாம் நடுவில் இருக்கட்டும். சோறு மட்டும் ஆளுக்கொரு தட்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இரண்டு கரண்டி எடுத்துப் போட்டுச் சாப்பிட்டு, அப்புறம் அடுத்தது. தாய்லாந்து மொழியில் சாப்பிடுவதற்கே 'கின் காவ்', சோறு தின்பது என்றுதான் சொல்கிறார்கள். அதனால் சோறு தீர்ந்துபோனால் தயங்க வேண்டாம், இன்னொரு தட்டு கேளுங்கள். குழம்பு எப்படியும் மிச்சம் இருக்கும்.

நன்றி, வணக்கம்.